பாதி முகத்துக்குப் பாதி வீடு

செண்பகத்தின் முகம் செண்பகத்தின் முகம் இல்லை என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் சக்கரபாணி. நாற்பத்தைந்து வருஷமாக அந்த முகத்தோடு குப்பை கொட்டிக்கொண்டிருந்த செண்பகத்துக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரியும்.

நடந்தது 2013-ஆம் வருஷம், திண்டிவனத்தில், பயனாளிகள் முக ஒப்பீட்டுக் கழகத்தின் கிளை அலுவலகத்தில். இப்படியும் ஒரு கழகமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். கொஞ்சம் பேரை நாற்காலியில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பது என்று முடிவாகிவிட்டால் எதையாவது ஒரு பேரை வைத்துத்தானே ஆகவேண்டும். சுனாமிக்குப் பிறகு மரக்காணம் பக்கத்துக் குப்பங்களில் கட்டிக்கொடுத்த வீடுகளில், வாங்கிய ஆள்தான் குடியிருக்கிறாரா என்று பார்ப்பது இவர்கள் பொறுப்பு. கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று வைத்திருந்தார்கள். வீடு கொடுத்தபோது எடுத்த போட்டோவின்மேல் அதை வைத்து எந்தக் கட்டம் கருப்பு, எந்தக் கட்டம் வெளுப்பு என்று குறித்துக்கொள்வார்கள். அப்புறம் அதைவிடப் பெரிய தாளை ஆளின் மூஞ்சிமேல் ஒட்டிப் பிடித்து, மூச்சை அடக்கச் சொல்லி, திரும்பவும் குறிப்பார்கள். ரெண்டும் ஒத்துப்போனால் ஆள் ஆள்தான்.

குப்பத்தில் எல்லாருக்கும் ஒத்துப்போனது. அவர்கள் கடலிலும் வெயிலிலும் கிடக்கிறவர்கள், அன்றைக்கு எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள். செண்பகம் முறை வந்ததும் கிளை அலுவலர் சக்கரபாணி தாளை வைத்தார், எடுத்தார், துடைத்து மறுபடி வைத்தார். போட்டோவில் இருந்தவளுக்கு ரெண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது. மூக்கு நுனி உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. எதிரே நின்றவளுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

"இந்தப் படத்துல இருக்கறது யாரும்மா?"

"நான்தாங்க."

"அப்ப என் எதிர்ல நிக்கறது?"

"அதுவும் நான்தாங்க."

சக்கரபாணி பேனாவை மூடினார். "ரெண்டு பேருக்கு ஒரே வீட்டைக் குடுக்க விதி இல்ல" என்றார்.

செண்பகத்துக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். விஷயம் ரொம்பச் சாதாரணம், சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்தாள், பாவம். போட்டோ எடுத்தபோது அவள் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். புருஷன் கடலில் போய்ச் சேர்ந்த பிறகு வேறு வழி இல்லை. மேலே வெயில், கீழே உப்பு. ரெண்டுக்கும் நடுவில் மூஞ்சி என்ன ஆகும். அப்புறம்தான் இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. அந்த வீட்டம்மா பேர் அபேனா. ஆப்பிரிக்காவில் கானா என்கிற நாட்டிலிருந்து வந்து தங்கியிருந்தவள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே செண்பகத்தின் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். ஷியா வெண்ணெய். அவள் ஊர் மரத்துக் கொட்டையை இடித்து, வறுத்து, கடைந்து எடுப்பதாம். புகையும் பழைய நெய்யும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

செண்பகம் அதை வாணலியில் போட்டு அடுப்பில் காய்ச்சிவிட்டாள். ஆறினதும் ரவை ரவையாய் ஆகிவிட்டது. அபேனா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டு, தெரிந்த தமிழில் சொல்லிக்கொடுத்தாள். நெருப்பில் காட்டக் கூடாது. வெந்நீரில் கிண்ணத்தை வைத்து அதுவாக உருகவிட வேண்டும். ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் கலந்து, கிண்ணத்தைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றிவிட்டால் வழவழவென்று உறையும். சாயங்காலம் பச்சைப்பயற்று மாவு போட்டு முகம் கழுவி, ஈரம் காய்வதற்குள் ஒரு பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, முகத்தில் அழுத்தி ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. அவ்வளவுதான். மருந்தும் இல்லை மாயமும் இல்லை. செண்பகம் வெயிலைவிட்டு உள்ளே வந்திருந்தாள், தினமும் விடாமல் ஒற்றினாள், ரெண்டு வருஷத்தில் தோல் தேறிவிட்டது. சின்ன வயதில் அவள் அம்மாவுக்கு இருந்த முகம் கண்ணாடியில் திரும்பி வந்தபோது கொஞ்சம் அழக்கூட அழுதாள்.

இத்தனையையும் சக்கரபாணியிடம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆக, முகத்தை மாத்தினதை ஒத்துக்கற."

"மாத்தலைங்க. ஒடம்பு சரியாச்சு."

"கழகத்தைக் கேக்காம சரியாக்கி இருக்க."

கூட வந்திருந்த பச்சமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தார். குப்பத்துப் பஞ்சாயத்தார் அவர், ஊருக்காக நாலு இடத்தில் பேசிப் பழக்கப்பட்டவர். "சார், இது செண்பகந்தான். பொறந்ததுலேர்ந்து எனக்குத் தெரியும். ஊரே சொல்லும்" என்றார்.

"ரொம்ப நல்லது. சாட்சி சொல்றீங்களா? அப்ப சாட்சியோட முகத்தையும் ஒரு தரம் பாத்துடணும்." சக்கரபாணி பச்சமுத்துவின் போட்டோவைத் தேடி எடுத்தார். "படத்துல மீசை இருக்கே."

பச்சமுத்து மேலுதட்டைத் தடவினார். திருப்பதியில் மொட்டை போட்டபோது மீசையும் போயிருந்தது. போன வாரம் அவர் மூஞ்சிமேல் தாளை வைத்தபோது கழகம் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தது.

"நான் இன்னா சொல்ல வந்தேன்னா" என்றார் பச்சமுத்து, "இந்தம்மாவ எனக்கு அவ்ளோவாப் பழக்கம் இல்லீங்க." சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். அவரைக் குறைசொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவருக்கும் ஒரு வீடுதான் இருந்தது.

செண்பகம் மேஜைக்குக் கிட்டே போய்க் கும்பிட்டாள். "அய்யா, எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவங்க. விழுப்புரத்துல கட்டிக் குடுத்துக்கீறேன். ஆவணியில வளைகாப்பு. போட்ட கையோட வூட்டுக்கு இட்டாரணும். வூடு இல்லைன்னா எங்கங்க இட்டாருவேன்?"

"எங்க கழகத்துல இரக்கம் இல்லைன்னு வெளியில பேசிக்கறாங்க" என்றார் சக்கரபாணி. "அது தப்பு. இரக்கம் இருக்கு. விதி பதினொண்ணுல இருக்கு. தகுதியுள்ள பயனாளிகிட்ட அலுவலர் இரக்கத்தோட நடந்துக்கணும்னு தெளிவாப் போட்டிருக்கு. நீ தகுதியுள்ளவன்னு நிரூபிச்சுட்டு வா. நாற்காலி போடறேன், தண்ணி குடுக்கறேன், எவ்வளவு இரக்கம் வேணுமோ எடுத்துக்க. இப்பவே காட்டினா போலிக்குக் காட்டின மாதிரி ஆயிடும். எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு பாரு." அப்புறம் பேனாவைத் திறந்து கேட்டார். "அசல் செண்பகத்தைக் கடைசியா எப்பப் பாத்த?"

செண்பகம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியவில்லை. "காலையில கண்ணாடியில பாத்தேங்க."

'காலைவரை உயிரோடு இருந்ததாக ஒப்புக்கொள்கிறார்' என்று சக்கரபாணி எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஜீப்பில் வந்து வீட்டைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். அசல் செண்பகம் கிடைக்கிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஷியா வெண்ணெய் இருந்த ஊறுகாய் பாட்டிலையும், முகத்தை மாற்றப் பயன்பட்ட பொருள் என்று துணியில் கட்டி அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். செண்பகம் மாற்றுப் புடவையோடு வலைக் கொட்டகையில் போய்ப் படுத்தாள். கொஞ்ச நாளில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு சுவரில் அவளுடைய பழைய போட்டோ பெரிதாக ஒட்டியிருந்தது. காணவில்லை என்று போட்டிருந்தது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பூ விற்கிறவள், "பாவம், யாரு பெத்ததோ" என்றாள். செண்பகம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

மகள் காயத்ரி போன் பண்ணினாள். "அம்மா, அத்தை கேட்டுக்கினே இருக்காங்க. வளைகாப்பு முடிஞ்சதும் உடனே இட்டுக்கினு போவாங்களா, நாள் பாக்கணுமான்னு."

"உடனே தாண்டி. வூட்டுக்கு வெள்ளை அடிச்சிக்கினு இருக்கேன். ஒரே சுண்ணாம்பு வாசனை. அதான் இப்ப வர வேணாம்னேன்." கொட்டகையில் மீன் கவுச்சி மூக்கைத் துளைத்தது.

திங்கட்கிழமைதோறும் விசாரணை. திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம்வரை நிற்பாள். ரெண்டாவது வாரம் மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். அரக்கு உடைந்திருந்தது. வெண்ணெய் கால்வாசி குறைந்திருந்தது.

"ஆய்வுக்கு எடுத்தோம்" என்றார் சக்கரபாணி. "ஒரு விளக்கம் தேவைப்படுது. ஈரத்தோட போடணுமா, துடைச்சுட்டா?"

"ஈரத்தோடங்க."

"கண்ணுக்குக் கீழ கருப்பா இருந்தா?"

"மோதிர விரலால லேசா ஒத்தணுங்க."

அவர் கவனமாக எழுதிக்கொண்டார். விசாரணை சூடுபிடிக்கிறது, நல்லது நடக்கப்போகிறது என்று செண்பகம் நம்பினாள். மூன்றாவது வாரம் பாட்டில் பாதியானது. குமாஸ்தா லட்சுமியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள், பித்தவெடிப்பு அடைபட்டிருந்தது. அடுத்த வாரம் விழுப்புரம் தலைமை அலுவலகத்துக்கு மாதிரி அனுப்பப்பட்டதாகச் சொன்னார்கள், பாட்டில் விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சக்கரபாணியின் முகம் மினுமினுத்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் இருந்த சக்கரபாணி, நேரில் இருந்த சக்கரபாணிக்குப் பெரியப்பா மாதிரி இருந்தார். அவர்மேல் யாரும் கட்டம் போட்ட தாளை வைத்துப் பார்க்கவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே வந்தார், கையெழுத்துப் போட்டார், சம்பளம் வாங்கினார்.

பாட்டில் காலியான பிறகு விஷயம் கிளையின் அதிகாரத்துக்கு மேலே போய்விட்டது என்று அவளை விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். தலைமை அலுவலர் தேவநாதன் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலிகூடப் போட்டார்கள். விதி பதினொன்று இங்கேதான் இருக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார் தேவநாதன். முகம் நல்ல பளபளப்பு. "கழகம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரே ஒரு போலியைக்கூட எங்களால கண்டுபிடிக்க முடியல. எல்லாரும் அசலாவே இருக்காங்க. மேலிடத்துல கேள்வி மேல கேள்வி. போலியே இல்லைன்னா கழகம் எதுக்குன்னு மூடிடற மாதிரி இருந்தது. எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும், யோசிச்சுப் பாரு. அந்தச் சமயத்துல நீ வந்த. உன்னை நாங்க சும்மா விட்டுட மாட்டோம்."

"வூட்டுச் சாவி குடுத்தீங்கன்னா போதுங்க."

"அவசரப்படக் கூடாது. விஞ்ஞான முறையில போவோம். இந்த வெண்ணெயாலதான் முகம் மாறிச்சுன்னு சொல்ற. அதைச் சோதிச்சுப் பாக்கணும். வலது பாதிக்கு வழக்கம்போலப் போடு. இடது பாதிக்குப் போடாத, வெயில்ல காட்டு. இடது பாதி பழைய படத்தோட ஒத்துப்போச்சுன்னா நீ சொல்றது நிஜம்."

செண்பகம் ரெண்டு கன்னத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மூஞ்சியில பாதிங்களா?"

"முழுசையும் கெடுத்துக்கச் சொல்ல நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

எலெக்ஷனுக்கு விரலில் வைப்பார்களே, அந்த மாதிரி அழியாத மையால் நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடைவரை கோடு போட்டார்கள். திண்டிவனத்திலிருந்து கூட வந்திருந்த லட்சுமியம்மாள் ஸ்கேல் பிடித்துக்கொண்டாள். காயத்ரி வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மருமகன் வெற்றிச்செல்வன் வேலை பார்க்கிற டயர் கடையைத் தாண்டி, தெருமுனைவரை போனாள். முந்தானையால் மூடியும் கோடு நெற்றியில் தெரிந்தது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணின் வயிறு எவ்வளவு பெரிதாகி இருக்கிறது என்று பார்த்தாள். ஓடிப்போய்த் தடவ வேண்டும் என்று கை பரபரத்தது. கூப்பிடாமல் திரும்பி பஸ் ஏறினாள்.

அபேனாவிடம் போய் வெண்ணெய் கேட்டபோது அவளுக்கு விஷயம் புரியவே பாதி நாள் ஆனது. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. "எங்க ஊர்லயும் ஆபீஸ் இருக்கு" என்று மட்டும் சொல்லி ஒரு புதுக் கட்டியைக் கொடுத்தாள்.

உப்பளத்துக்குத் திரும்பிப் போனாள் செண்பகம். மேஸ்திரி தூரத்திலேயே பார்த்துவிட்டு, "இன்னா செண்பகம், வூட்டு வேலை அவ்ளோதானா" என்று கேட்டார். கட்டம் போட்ட தாள் இல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. வலது பாதியைத் துண்டால் மூடிக் கட்டிக்கொண்டு, இடது கன்னத்தைச் சூரியனுக்குக் காட்டியபடி உப்பு வாரினாள். சூரியன் மேற்கே சாய்ந்தால் அவளும் திரும்பி நின்றுகொள்வாள். சாயங்காலம் கழுவி, வலதுக்கு மட்டும் ஒற்றுவாள். இடது பக்கம் நெருப்பாய் எரியும். கை தானாக அங்கே போகும், இழுத்துப் பிடித்துக்கொள்வாள். குப்பத்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பயந்தார்கள்.

ஆடி முடிகிற நேரத்துக்கு இடது பாதி தயாராகிவிட்டது. மங்கு வந்தது, மூக்கின் இடது பக்கம் உரிந்தது, உதட்டில் பாதி வெடித்தது. விழுப்புரத்தில் கழகத்தின் குழு கூடியது. தாளைப் பாதியாக மடித்து வைத்தார்கள். தேவநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"இடது பாதி அசல் பயனாளி. சந்தேகத்துக்கு இடமே இல்ல. வலது பாதி யாருன்னு தெரியல. அதனால கழகம் உனக்குப் பாதி வீட்டைத் திருப்பித் தருது. நியாயம்னா இதுதான் நியாயம். இன்னொரு ஆபீஸா இருந்தா முழுசா இல்லைன்னு சொல்லியிருப்பான்."

ஜீப்பில் வந்து வீட்டுக்கு நடுவே சாக்பீஸால் கோடு கிழித்தார்கள். கூடம் இடது பக்கம் வந்தது. அறையும் சமையல்கட்டும் கக்கூசும் வலது பக்கம் போய்விட்டன, அவற்றுக்கு அரக்கு வைத்தார்கள். பச்சமுத்து தள்ளி நின்று பார்த்தார். புது மீசை பாதி முளைத்திருந்தது.

"மாசமா இருக்கறவ ராத்திரி நாலு வாட்டி எழுந்திருப்பாளேங்க. எங்கங்க போவா?" என்று செண்பகம் கேட்டாள். ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த சக்கரபாணி, அது வேறு துறை என்றார்.

லட்சுமியம்மாள் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கினாள். குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாரும்மா, நானும் பொண்ணு பெத்தவ, அதான் சொல்றேன். அந்தப் பக்கத்தையும் கெடுத்துக்க. முழு மூஞ்சிக்கு முழு வீடு குடுத்துத்தான் ஆகணும், வேற விதியே இல்ல. நான் சொன்னேன்னு சொல்லிடாத." ஜீப் ஹாரன் அடித்தது. "குதிகாலுக்குத் தேங்காயெண்ணெ எவ்வளவு கலக்கணும்?"

"ஒரு கரண்டி" என்றாள் செண்பகம்.

வளைகாப்புக்கு நாள் நெருங்கிவிட்டது. இடது பாதி கெட இத்தனை நாள் எடுத்தது, வலது பாதிக்கு அவ்வளவு நேரம் கிடையாது. துண்டை அவிழ்த்து வீசினாள். உச்சி வெயிலில் எல்லாரும் கொட்டகையில் கஞ்சி குடிக்கும்போது இவள் பாத்தியில் குனிந்து, உப்பு பூக்கிற தண்ணீரை இரண்டு கையாலும் வாரி வலது கன்னத்தில் அடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்பாள். மேஸ்திரி வந்து திட்டிப் பார்த்தார், "பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிக்கொண்டாள். எரிச்சல் தாங்காமல் வாய்விட்டு அழுதாள். கண்ணீரும் உப்புதானே, அதுவும் சேர்ந்து வேலை செய்தது. கொப்புளம் கண்டது, உடைந்தது, கருத்தது. முன்பு வேலைக்காகக் கெட்ட முகம் இப்போது முகத்துக்காகவே கெட்டது, அதில் ஒரு அவமானம் இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுபடி தாளை வைத்தபோது கட்டம் கட்டமாக ஒத்துப்போனது. மூன்று கட்டம் போட்டோவைவிடக் கூடுதல் கருப்பாகவே இருந்தன, அதைக் கழகம் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டது. சாவி கொடுப்பதற்கு ஒரு விழா வைத்தார்கள். திண்டிவனத்தில் கல்யாண மண்டபம், மைக் செட்டு, சால்வை. மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த அதிகாரிகள் எல்லாருடைய முகமும் விளக்கு வெளிச்சத்தில் வழவழவென்று மின்னியது. நடுவில் செண்பகத்தை நிற்கவைத்தார்கள்.

தேவநாதன் மைக்கைப் பிடித்தார். "காணாமல்போன ஒரு பெண்ணை இந்தக் கழகம் கண்டுபிடித்து, அவளிடமே ஒப்படைத்திருக்கிறது. இப்படி ஒரு சாதனை வேறு எங்கே நடந்திருக்கிறது? இடையில் வந்து இந்த அம்மாவின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்த அழகான போலி எங்கே போனாள்? ஓடிவிட்டாள். கழகத்தைக் கண்டு ஓடிவிட்டாள்." கைதட்டினார்கள். சாவியைக் கொடுக்கும்போது மைக்குக்கு எட்டாத குரலில் அவளிடம் சொன்னார். "இனிமே வருஷா வருஷம் வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகணும். இதை இப்படியே வச்சுக்கோ. நல்ல முகம், கெடுத்துடாத."

வளைகாப்பு அன்றைக்குச் சீர்த்தட்டோடு விழுப்புரம் போய் இறங்கினாள். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த சம்பந்தி தைலம்மாள் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வளையல் அடுக்கி முடிகிறவரை யாரும் செண்பகத்தின் பக்கத்தில் உட்காரவில்லை. கிளம்புகிற நேரத்தில்தான் தைலம்மாள் பேச்சை எடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மூஞ்சியெல்லாம் இப்படி வச்சிக்கினு இருக்கீங்க. ஒட்டிக்கற வியாதியா இன்னாவோ. புள்ளத்தாச்சிய எப்படி நம்பி அனுப்பறது? இங்கியே பெத்துக்கட்டும், வுடுங்க."

வியாதி இல்லை, ஆபீஸ் என்று சொல்லலாம். சொன்னால் யார் நம்புவார்கள். செண்பகம் இடுப்பில் சொருகியிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தப் பெண்ணுக்காக அதை வாங்கினாளோ அவள் சம்பந்தி வீட்டுக் கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டாள்.

காயத்ரி எழுந்து வந்தாள். கை நிறைய வளையல். அம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள், கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "இது உப்பு, அத்தை" என்றாள். "நான் ஸ்கூல் போறப்ப எங்கம்மா மூஞ்சி இப்படித்தான் இருக்கும். இந்த மூஞ்சியோடதான் என்ன வளத்துச்சு. எனக்கு ஒண்ணும் ஒட்டல." பையை எடுத்துக்கொண்டாள். வெற்றிச்செல்வன் அம்மாவைப் பார்த்தான், பொண்டாட்டியைப் பார்த்தான், அப்புறம் ஆட்டோ பிடிக்கப் போனான்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றியதும் காயத்ரி நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். அபேனா கொடுத்த கட்டியில் மிச்சம் இருந்ததைக் கண்டுபிடித்து, வெந்நீரில் கிண்ணத்தை வைத்து உருக்கி, குளிர்ந்த தண்ணீரில் உறையவைத்து எடுத்துவந்தாள். ஈரத் துண்டால் அம்மா முகத்தை ஒற்றி எடுத்துவிட்டு, உள்ளங்கையில் வெண்ணெயைத் தேய்த்துக்கொண்டு கிட்டே வந்தாள். அந்த வாசனைக்கே செண்பகத்தின் கன்னம் ரெண்டும் ஏங்கின. கண்ணை மூடி முகத்தை நீட்டினாள். பெண்ணின் விரல் பட்டதுதான் தாமதம், வெடுக்கென்று பின்னுக்குச் சாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டி."

"எரியுதாம்மா? லேசாத் தொடறேன்."

"எரியல. வேணாம். வருஷா வருஷம் பாப்பாங்களாம். வூடு பூடும்."

காயத்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. உருகின வெண்ணெய் மணிக்கட்டு வழியாக வளையலுக்குள் வழிந்தது. செண்பகம் அந்தக் கையை விடாமல் இழுத்து, மகளின் மேடிட்ட வயிற்றின்மேல் வைத்தாள்.

"இங்க தடவிக்கோ. வயித்த இன்னும் யாரும் போட்டோ எடுக்கல" என்றாள்.